கிரந்திப் புத்தகம்

சம்பந்தி வீட்டு அலுமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தது தில்லையம்பலம் செய்த முதல் பிழை. அதைத் திறந்து பார்த்தது இரண்டாவது.

அவர் வாசிக்கிற ஆளே இல்லை. பாரிஸின் லா ஷப்பலில் பலசரக்குக் கடை நடத்துகிறவருக்கு வாசிக்க நேரம் எங்கே? மகள் மிருணாளினிக்கும் தியரிக்கும் கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பாண்டிச்சேரிக்காரர்கள், கிறிஸ்தவ வேதக்காரர்கள். வில்லியே லே பெலில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தில்லையம்பலத்தின் மனைவியும் மாப்பிள்ளையின் தாய் மர்கரீத்தும் குசினிக்குள் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் லூசியன், கோப்பி தன் கையால்தான் போடுவேன் என்று அவரும் உள்ளே போனார். தனியே விடப்பட்ட தில்லையம்பலத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. அலுமாரியில் இருந்ததிலேயே பெரிய புத்தகத்தை உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

அரிசி மூட்டை தூக்கிப் பழகிய கைக்கே அது பாரமாக இருந்தது. அட்டையில் இருந்த பிரெஞ்சை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். 'அலெர்ஜி' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. உலகத்தில் உள்ள அலெர்ஜி நோய்கள் எல்லாவற்றையும் பற்றி டொக்டர்மார் படிக்கிற புத்தகம் அது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இவ்வளவு பெரிய புத்தகம் தேவைப்படுவதில்லை. சொறிந்தால் கிரந்தி. தடித்தால் கிரந்தி. இறால் தின்று உதடு தடித்தாலும் கிரந்திதான். ஒரே சொல்லில் காரியத்தை முடித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். இந்த ஒரு சொல்லைச் சொல்லத் தெரியாமல் பிரெஞ்சுக்காரன் என்ன பாடுபட்டிருக்கிறான் என்று தில்லையம்பலம் பரிதாபப்பட்டார்.

புத்தகத்தின் நடுவில் அடையாளமாக ஒரு குருத்தோலைத் துண்டு இருந்தது. வேதக் கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற ஓலை. அந்த இடத்தில் திறந்தார்.

ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரு ஆம்பிளையின் முகம். முகம் என்று சொன்னால்தான் முகம். கன்னம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உதடுகள் இரண்டும் நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டு மாதிரிப் பொங்கி நின்றன. ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று கண்களின் மேல் கறுப்புப் பட்டி ஒன்று போட்டிருந்தார்கள். ஆனால் நிறம் எங்கள் நிறம். மூக்குக்குக் கீழே கட்டை மீசை.

அந்த நேரம் லூசியன் கோப்பியோடு வந்தார். அவருக்கும் அதே நிறம், அதே கட்டை மீசை. தில்லையம்பலம் படத்தைப் பார்த்தார், லூசியனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அட, அந்தப் புத்தகத்தை எடுத்துட்டீங்களா?" லூசியன் முகமெல்லாம் சிரிப்பு. "எழுத்தை விடுங்க சம்பந்தி. அதுல படங்கள்தான் விசேஷம்."

"இந்த... இந்தப் படம்..."

"ஓலை வச்சிருக்கேனே, அதுவா? எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் அது. நான் ஆஸ்பத்திரியில இருந்த காலத்துல எடுத்தது."

தில்லையம்பலம் கோப்பியை வாங்கி, குடிக்காமல் தள்ளி வைத்தார். இப்படி ஒரு நோயை வைத்துக்கொண்டு, அதைப் படமும் எடுத்து, புத்தகத்திலும் போட்டு, வந்த விருந்தாளிக்குச் சிரித்துக்கொண்டு காட்டுகிற மனிதனை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. லூசியன் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். என்ன உத்தியோகம் என்று அவர் கேட்கவில்லை. அரசாங்கம் என்றதுமே அவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

"இதை ஒருக்காக் கொண்டுபோய் ஆறுதலாப் பாத்திட்டுத் தரட்டோ?"

"தாராளமா! இதுவரைக்கும் யாருமே இதை இரவல் கேட்டதில்லீங்க." லூசியன் ஓடிப் போய் அதை வைக்க ஒரு பை கொண்டுவந்தார்.

கார்ஜில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகும் ரயிலில் மனைவி ஜெகதீஸ்வரி அந்தப் பாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னப்பா இது?"

"கிரந்திப் புத்தகம்."

"உங்களுக்குக் கிரந்தியே?"

"எனக்கேன் கிரந்தி? எங்கட பரம்பரையிலை ஒருத்தருக்கும் ஒரு சின்னத் தடிப்புக் கூட வந்ததில்லை!"

அவர் அதை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலை புத்தகத்தை ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கடைக்குக் கொண்டு போனார். கடை ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில் இருந்தது. கல்லாவில் அற்புதராணி இருந்தாள். கடை திறந்த நாள் முதல் அவரோடு வேலை செய்கிறவள். நல்ல மனுசி, ஆனால் மனதில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவாள்.

"அண்ணை, அதென்ன மூட்டை?"

"ஒண்டுமில்லை. நீர் கல்லாவைப் பாரும்."

பின்பக்கத்துச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அரிசி மூட்டைகளின் மேல் புத்தகத்தை விரித்து, படத்துக்குக் கீழே இருந்த நாலு வரிப் பிரெஞ்சுக்கு நேரே போனைப் பிடித்தார். எழுத்தைக் காட்டினால் தமிழாக்கித் தருகிற வித்தை ஒன்று அந்தப் போனில் இருந்தது. மிருணாளினிதான் போட்டுக் கொடுத்திருந்தாள். அவளிடமே காட்டி வாசிக்கச் சொல்லலாம். ஆனால் மாமனாராக வரப்போகிறவரின் மானத்தை மருமகளிடமா காட்டுவது?

போன் யோசித்தது. பிறகு தமிழில் சொன்னது:

'தொடர்புத் தோல் அழற்சி. கடுமையான வடிவம். ஆண், வயது ஐம்பத்து நான்கு. மீண்டும் தொடர்பு கொண்டதன் விளைவு.'

தில்லையம்பலம் அதை மூன்று தரம் வாசித்தார்.

தொடர்பு! கவனிக்க வேண்டும், டெலிபோன் தொடர்பு, போக்குவரத்துத் தொடர்பு என்று எத்தனையோ தொடர்புகள் உண்டு. ஆனால் ஒரு ஆம்பிளையின் பெயரோடு சேர்த்து இந்தச் சொல்லைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்குகிற அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மீண்டும் கொண்டிருக்கிறான். ஐம்பத்து நாலு வயதில்!

சம்பந்தியை நேரில் பார்த்துக் கேட்க நாக்கு எழும்பாது. போனில் பட்டும் படாமலும் கேட்டுவிடலாம் என்று நினைத்தார்.

"சம்பந்தி, குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் ஆஸ்பத்திரியிலை இருந்த காலத்திலை... உங்களுக்கு ஏதும் தொடர்பு இருந்ததோ?"

"தொடர்பா? நிறைய இருந்துச்சே!" என்றார் லூசியன் உற்சாகமாக.

"நிறையவோ?"

"டாக்டருங்க, நர்ஸுங்க, எல்லார் கூடவும் நல்ல தொடர்பு. இன்னும் விட்டுப் போகலீங்க. வருஷத்துக்கு ஒரு வாட்டி எல்லாரும் சேர்ந்துக்குவோம்."

தில்லையம்பலம் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"மர்கரீத் அக்காவுக்கு... இது தெரியுமோ?"

"தெரியுமாவா? அவளும் வருவாளே! அவதான் கேக் செய்வா."

போனை வைத்த தில்லையம்பலம் புத்தகத்தைத் திரும்ப வேட்டியில் சுற்றினார். கேக்காம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவர் இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மனைவிக்கு முன்னால் புத்தகத்தைத் திறந்தார். இனித் தனியே சுமக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. கதை முழுவதையும் சொன்னார். ஜெகதீஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பார்த்ததும் பின்னால் சரிந்தாள்.

"சீ! என்ன மூஞ்சையப்பா இது! இந்த மனுசனோடை அந்தப் பொம்பிளை எப்பிடித்தான் குடும்பம் நடத்துறா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

"மீசையைப் பாருங்கோ. வெக்கங்கெட்ட மீசை."

"இந்தக் கிரந்தி ரத்தத்திலை ஊறினது. பேரப்பிள்ளை மட்டும் பாயும்," என்றார் தில்லையம்பலம். புத்தகத்தில் அப்படி எங்கும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய புத்தகத்தில் எங்காவது இருக்கத்தானே வேண்டும்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. உண்மை தெரிஞ்சுகொண்டு ஒருத்தி கேக் செய்வாளோ? பொம்பிளையளுக்குள்ளை கதைக்கிற விதத்திலை நான் கதைக்கிறன்," என்று ஜெகதீஸ்வரி போனை எடுத்தாள். விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று தில்லையம்பலம் நிம்மதியாக மூச்சு விட்டார். அது அவருடைய மூன்றாவது பிழை.

"அக்கா, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ," என்று ஆரம்பித்தாள் ஜெகதீஸ்வரி. "லூசியன் அண்ணைக்கு ஒரு தொடர்பு இருந்திருக்கு."

மர்கரீத் அந்தப் பக்கம் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"யார் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? எங்கட கையிலை படமே இருக்கு."

"படமா? என்ன படம்?"

"அதை நான் வாயாலை எப்பிடிச் சொல்லுறதக்கா? முழுப் பக்கத்துக்கு இருக்கு. பாத்த எனக்கே நெஞ்சடைச்சுப் போச்சு."

பிறகு போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அடுத்த நாள் விடிந்தபோது மர்கரீத் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை இம்மாகுலேற் வீட்டுக்குப் போயிருந்தாள். ஏன் போகிறாள் என்று கணவரிடம் சொல்லவில்லை. "உங்களுக்கே தெரியும்" என்று மட்டும் சொன்னாளாம். லூசியனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதவர் ஆறுதலுக்கு யாரைக் கூப்பிடுவார்? தில்லையம்பலத்தைத்தான் கூப்பிட்டார்.

"சம்பந்தி, முப்பது வருஷக் குடும்பம். என்ன தப்பு செஞ்சேன்னே புரியலீங்க," என்று போனில் அழுதார்.

செய்ததையும் செய்துவிட்டு என்ன நடிப்பு என்று தில்லையம்பலம் அதிர்ந்து போனார். பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாம் கடவுள் பாத்துக்கொள்ளுவார்" என்றார்.

மத்தியானம் மிருணாளினி கடைக்கே வந்துவிட்டாள். வேலைக்குப் போகிற உடுப்போடு, கண்கள் சிவந்து, வாசலிலேயே பிரெஞ்சில் வெடித்தாள். வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தில்லையம்பலம் அவளைச் சாமான் அறைக்குள் இழுத்துப் போனார்.

"தமிழிலை சொல்லு பிள்ளை. என்ன நடந்தது?"

"தியரியின்ர அம்மா வீட்டை விட்டுப் போயிட்டா. எங்கட அம்மா போன் பண்ணினதுக்குப் பிறகுதான் போனவாவாம். தியரி இனிக் கல்யாணம் இப்ப வேண்டாமெண்டு சொல்லுறான். நீங்க என்ன செஞ்சனீங்க, பப்பா?"

"உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை..."

"என்ர நன்மையா? இந்தக் கல்யாணம் நிண்டால் நான் பிறகு உங்கட வீட்டுக்கு வர மாட்டன். ஒரு நாளும் வர மாட்டன்."

அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் அவரைப் பயப்படுத்தியது. ஒரே பிள்ளை. பனி கொட்டும் காலைகளில் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போன பிள்ளை. அவள் போன பிறகு தில்லையம்பலம் அரிசி மூட்டையில் இருந்து உண்மையாகவே அழுதார். நோய்க்காரக் குடும்பத்தில் பிள்ளையைத் தள்ளினாலும் போச்சு, தள்ளாவிட்டாலும் போச்சு.

ஒரு வழிதான் இருந்தது. எல்லாரையும் ஒன்றாகக் கூட்டி, படத்தை நடுவில் வைத்து, லூசியனை ஒப்புக்கொள்ளச் செய்வது. ஒப்புக்கொண்டால் மன்னிக்கலாம். மருந்து எடுக்கச் சொல்லலாம். பிள்ளையின் கல்யாணமாவது மிஞ்சும்.

சனிக்கிழமை கடை பூட்டுகிற நேரம் சாமான் அறைக்குள் நால்வர் இருந்தார்கள். ஒரு பக்கத்து அரிசி மூட்டையில் லூசியன், சவரம் செய்யாத முகத்தோடு. எதிர்ப்பக்கத்தில் மர்கரீத், கையில் செபமாலையோடு. அவளுக்குப் பக்கத்தில் துணைக்கு ஜெகதீஸ்வரி. நடுவில் வேட்டி சுற்றிய புத்தகத்தோடு தில்லையம்பலம் நின்றார்.

"மர்கரீத், நீயாவது சொல்லேன்..." என்றார் லூசியன்.

"நீங்க பேசாதீங்க. முதல்ல அந்தப் படத்தை நான் என் கண்ணால பார்க்கணும்."

"பாருங்கோ அக்கா. ஆனால் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு பாருங்கோ," என்றாள் ஜெகதீஸ்வரி.

தில்லையம்பலம் வேட்டியை அவிழ்த்து, குருத்தோலை இருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்தார். மர்கரீத் எட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இதுவா?"

"ஓம்."

"நீங்க சொன்ன படம் இதுவா?"

"இதுதானக்கா. நீங்கள் கண்டுபிடிக்கேல்லையே? மீசையைப் பாருங்கோ."

"என்னங்க இது? இது இவரு எடுத்த படமாச்சே!"

"எடுத்த படமெண்டால்?"

"நான்தாங்க எடுத்தேன்," என்றார் லூசியன். அவருக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. "ஆஸ்பத்திரியில நான் ஃபோட்டோகிராஃபர். நோயாளிங்களைப் படம் எடுக்கிறதுதான் என் உத்தியோகம். இந்தப் புத்தகத்துல என் படம் நிறைய இருக்கு. ரிட்டயர் ஆகும்போது டாக்டருங்க எல்லாம் சேர்ந்து இதைக் கொடுத்தாங்க. நீங்க என்ன நினைச்சீங்க?"

தில்லையம்பலம் படத்தையும் லூசியனையும் மறுபடி மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... தொடர்பு?"

"என்ன தொடர்பு?"

தில்லையம்பலம் போனில் இருந்த தமிழை எடுத்துக் காட்டினார். லூசியன் வாசித்தார். முதலில் புருவம் உயர்ந்தது, பிறகு வயிறு குலுங்கியது. அரிசி மூட்டையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஐயோ சம்பந்தி! 'கொந்தாக்த்' அது! ஏதோ ஒரு பொருள் தோல்ல பட்டு வர்ற அலெர்ஜி. தொட்டா வர்றது. உங்க போன் அதைத் தொடர்பு ஆக்கிடுச்சு."

மர்கரீத் செபமாலையை முத்தமிட்டாள். எழுந்து போய்க் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சவரம் கூடப் பண்ணாம என்ன கோலம் இது?" என்று அவருடைய கன்னத்தைத் தொட்டவளுக்குக் கண் கலங்கியது. தில்லையம்பலம் இருவருடைய கைகளையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உடனே மகளுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மிருணாளினி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, ஆனால் "பப்பா" என்று கூப்பிட்டாள். அது போதும் அவருக்கு.

ஜெகதீஸ்வரிக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"தொட்டால் வாறதெண்டால், இந்த ஆள் எதைத் தொட்டவராம்?"

"அது டாக்டருக்குத்தாங்க தெரியும். பேரு கூட எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. முகம் வேற இப்படி வீங்கிக் கிடந்தா, பெத்த தாய்க்கே ஆளைத் தெரியாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. யாருக்கும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சிக்கிட்டே இருந்தாரு."

"பாத்தியளே! சொல்லக்கூடாத எதையோதான் தொட்டிருக்கிறான்."

இந்த இடத்தில் தில்லையம்பலம் வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு வாரமாக இவ்வளவு பேரை ஆட்டி வைத்த மனிதர், தான் முழுப் பிழை இல்லை என்று கொஞ்சமாவது காட்ட வேண்டாமா? தொண்டையைச் செருமினார்.

"ஆளிலைதான் நான் பிழைவிட்டிட்டன். நியாயத்திலை பிழையில்லை. இது ரத்தத்திலை ஊறின நோய். இந்த மூஞ்சைக்காரன் ஆரெண்டாலும், இவன்ர குடும்பத்திலை ஒருத்தரும் சம்பந்தம் வைக்கக் கூடாது."

"நூத்துக்கு நூறு சரி," என்றாள் மர்கரீத். கணவர் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் அவள் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தாள். "ரத்தத்துல ஊறின நோய்னு நீங்களே சொன்னீங்க. இந்த ஆளு வீட்ல நாங்க பொண்ணு எடுப்போமா? செத்தாலும் எடுக்க மாட்டோம்."

"எடுக்கவே கூடாது!" தில்லையம்பலம் படத்தின் மேல் ஓங்கி அடித்தார்.

"எனக்கு இப்பிடியொரு மனுசன் வாய்ச்சிருந்தால், அண்டைக்கே பெட்டியை வெளியிலை வைச்சிருப்பன்," என்றாள் ஜெகதீஸ்வரி.

கதவு திறந்தது. அற்புதராணி எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தாள். தட்டை வைக்க இடம் தேடிக் குனிந்தவளுடைய கண் திறந்திருந்த பக்கத்தில் விழுந்தது.

"ஐயோ அண்ணை, அக்கா ஊருக்குப் போயிருக்கேக்கை தலைக்கு டை அடிச்சு, முகம் வீங்கி, கண் ரெண்டும் மூடுப்பட்டு, நான் டாக்ஸியிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனே... அண்டைக்கு எடுத்த உங்கட படத்தையோ இவ்வளவு நாளும் வேட்டியிலை சுத்திக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"